கிழக்குக் கரையின் இரவும் திறந்திருக்கும் ஷட்டரும்

இரவுப் புகைப்படக் கலையைக் கற்க விரும்புகிறவருக்குக் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ கனடாவிலோ நார்வேயிலோ இருப்பவர்கள் தங்கள் வானத்தைப் பார்த்து எழுதியவை. சூரியன் மறைந்த பின் நெடுநேரம் நீல ஒளி நிற்கும், நிதானமாக இடம் பார்த்து முக்காலியை நிறுத்தலாம் என்று அவை சொல்லும். துருவ நட்சத்திரத்தை உயரத்தில் வைத்து, மற்ற விண்மீன்கள் அதைச் சுற்றி வட்டமிடுவதைப் பதிவு செய்யச் சொல்லும். பால்வீதியின் ஒளிமிகுந்த நடுப்பகுதி அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும் என்று எச்சரிக்கும். அவர்கள் ஊருக்கு அத்தனையும் சரி. சென்னைக்கோ நாகப்பட்டினத்துக்கோ இராமேசுவரத்துக்கோ அவற்றுள் ஒன்றுகூட அப்படியே பொருந்தாது. கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை நொடிக்கணக்கிலும் நிமிடக்கணக்கிலும் திறந்து வைத்து எடுக்கும் லாங் எக்ஸ்போஷர் படத்தில், எந்த நேரத்தில் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்ற இரண்டு முடிவுகளுமே பாதி வேலை. அந்த இரண்டையும் நாம் நிற்கும் நிலத்தின் அட்சரேகை தீர்மானிக்கிறது என்பதால், நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிற நாம் நம் கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையில் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருகிற எனக்கு இந்தக் கணக்குதான் கேமராவையும் லென்ஸையும் விட முக்கியமாகத் தோன்றுகிறது.

அந்திப் பொழுதிலிருந்து தொடங்குகிறேன். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரையான பொழுதை வானியலாளர்கள் அந்தியின் முதல் கட்டமாகக் கொள்கிறார்கள். வானத்தின் நீலமும் தெருவிளக்குகளின் வெளிச்சமும் ஒன்றையொன்று விழுங்காமல் சமமாக நிற்பது அந்தக் கட்டம் முடியும் நேரத்தை ஒட்டித்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் சாய்வாக இறங்குவதால் இந்த 6 டிகிரியைக் கடக்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நள்ளிரவில்கூட அங்கே வானம் முழுமையாக இருள்வதில்லை. சென்னையில் சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக இறங்குகிறது. ஆண்டின் எந்த மாதமானாலும் அந்த முதல் கட்டம் 21 முதல் 24 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகிறது. 70 முதல் 80 நிமிடங்களுக்குள் முழு இருளும் வந்துவிடுகிறது.

இதன் விளைவு வெறும் அவசரம் மட்டும் அன்று. தெளிந்த வானத்தில் சூரியன் மறையும்போது தரையில் சுமார் 400 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி இருக்கும். முதல் கட்டம் முடியும்போது அது மூன்றரை லக்ஸ் அளவுக்கு வந்துவிடும். நூறு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வீழ்ச்சி புகைப்படக் கணக்கில் ஏழு ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது என்பதால், நம் ஊரில் ஏறத்தாழ மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி பாதியாகிக்கொண்டே போகிறது. அடுத்த கட்டத்திலும் ஏறக்குறைய இதே வேகம்தான். ஆகவே மாலையில் ஒளிமானி நான்கு நிமிடம் என்று காட்டினால், நான்கு நிமிடம் முடிவதற்குள் ஒளி பாதிக்கும் கீழே போயிருக்கும். படம் இருண்டு வரும். இன்னும் சில நிமிடம் சேர்த்துத் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும் ஒளியை எவ்வளவு நேரம் சேகரித்தாலும், தொடங்கிய கணத்தின் ஒளி மாறாமல் நின்றிருந்தால் ஏறத்தாழ நான்கே கால் நிமிடத்தில் கிடைத்திருக்கக்கூடிய அளவுக்கு மேல் அது தராது. அதற்குமேல் தருவதற்கு வானத்திடம் எதுவும் இல்லை. மாலையில் நேரத்தை நீட்டுவதற்குப் பதில் லென்ஸின் துளையான அபெர்ச்சரைப் பெரிதாகத் திறப்பதோ, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் கூட்டுவதோதான் வழி.

விடியலில் இதே கணக்கு தலைகீழாகிறது. சோழமண்டலக் கரை கிழக்கு நோக்கிய கரை என்பதால் நமக்கு விடியல்தான் முதன்மையான பொழுது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒளி இரட்டிப்பாகும் வைகறையில், நான்கு நிமிடம் என்று கணக்கு வந்தால் மூன்றாவது நிமிடம் முடிவதற்குச் சற்று முன்பே ஷட்டரை மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் கீழ்வானத்தின் செம்மை வெளுத்து, எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாத வெண்மையாகிவிடும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்ட பிறகு என் விடியல் படங்களின் நிறமே மாறியது.

எவ்வளவு நேரம் திறப்பது என்ற கேள்விக்கு ஒளி பாதி விடைதான் தரும். மற்ற பாதி, எதைப் படத்தில் இருக்கவிடுவது, எதை அழிப்பது என்பது. இந்தக் கலையின் தொடக்கமே இந்த அழிப்பில்தான் இருக்கிறது. 1838 இல் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான லூயி டாகேர் பாரீசின் ஒரு பரபரப்பான சாலையைத் தன் சன்னலிலிருந்து எடுத்தார். வண்டிகளும் மக்களும் நிறைந்திருந்த அந்தச் சாலை படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது; காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்றிருந்த ஒருவரும் மெருகு போட்டவரும் மட்டும் பதிந்தார்கள். நகர்ந்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள், ஆனால் அன்று படம் பதிந்த உலோகத் தட்டில் ஒட்டும் அளவுக்கு எவரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அன்றைய இரசாயனத்தின் குறையாக இருந்ததை இன்று நாம் விரும்பித் தேர்கிறோம். பகல் வெளிச்சத்திலும் அதைச் செய்வதற்காகவே பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்துகிறோம். ஒளியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் அந்தக் கண்ணாடி, ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும் என்ற இடத்தில் 17 நொடி திறந்து வைக்க இடம் தருகிறது.

கடலில் இந்தத் தேர்வு மிகக் கூர்மையாகிறது. நான்கு நிமிடம் திறந்தால் அலைகள் அனைத்தும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கடல் பாலாடை போன்ற ஒரு தட்டையான பரப்பாகிவிடும். அரை நிமிடத்தில் பாறைகளைச் சுற்றிப் புகை சூழ்ந்தது போலிருக்கும். இந்த இரண்டும்தான் பாராட்டு வாங்கும் படங்கள் என்றாலும், எனக்கு அவற்றில் நாளடைவில் மனம் ஒட்டாமல் போனது. அப்படி எடுத்த படத்தில் அது கோவளமா, தரங்கம்பாடியா, வேறெந்தக் கண்டத்தின் கரையா என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. ஒன்றிலிருந்து இரண்டு நொடி வரை திறந்து, கரைக்கு ஏறிய அலை திரும்பி இறங்கும் நேரத்தில் எடுத்தால், நீர் மணலைக் கீறிக்கொண்டு பின்வாங்கும் கோடுகள் ஒவ்வொன்றும் படத்தில் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் செங்குத்தாகும் கரையில் அந்தக் கோடுகள் நீளமாகவும் இழுபட்டும் வரும். மாசி பங்குனியில் தணிந்த கடலில் அவை விசிறி போல விரியும். கரையின் குணம் அந்தக் கோடுகளில் இருக்கிறது.

தனுஷ்கோடியில் இதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஒரு பக்கம் பாக் நீரிணை. அதை அங்குள்ள மீனவர்கள் பெண்கடல் என்கிறார்கள். மறுபக்கம் மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் எஞ்சிய சுவர்களுக்கு இருபுறமும் இவ்விரு கடல்களும் கிடக்கின்றன. தென்மேற்குக் காற்றின் காலத்தில் ஒரே இரண்டு நொடியை இரு பக்கமும் கொடுத்தால் ஒன்று கண்ணாடியாகவும் மற்றொன்று கிழிந்த துணியாகவும் வருகிறது. மாலைக்குமேல் அங்கே பயணிகளை இருக்க விடுவதில்லை என்பதால் அங்கு என்டி ஃபில்டர்தான் துணை. காற்றும் சாதாரணமானதன்று. பாம்பனில் முக்காலியின் கால்கள் நடுங்குவதைப் பார்த்த ஒரு மீனவப் பெரியவர், “கச்சான் அடங்கட்டும் தம்பி, அதுக்கப்புறம் வாங்க. இந்தக் காத்துல வலையே நிக்காது” என்றார். கச்சான் என்ற மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அங்கே முக்காலியை நம்பக் கூடாது என்பதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அதே பாம்பனில், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலத்தின் மேல் இரவு ரயில் கடப்பதைக் கரையிலிருந்து எடுக்கும்போது, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட பாலத்தை ரயில் முழுவதும் கடக்கும் வரை ஷட்டர் திறந்திருக்க வேண்டும். பெட்டிகளின் சன்னல்கள் மறைந்து கடலின் மேல் ஓர் ஒளிநாடா மட்டும் நீளும்.

நம் வானம் வடநாடுகளின் வானத்திலிருந்து மிகவும் வேறுபடுவது நட்சத்திரங்களில்தான். வடதுருவ நட்சத்திரம் ஓர் இடத்தில் எவ்வளவு உயரத்தில் தெரியுமோ அதுவே ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை. லண்டனில் அது அடிவானத்துக்கு மேல் 51 டிகிரி, சென்னையில் 13, கன்னியாகுமரியில் வெறும் 8. நம் ஊரில் அடிவானத்தின் மங்கலிலும் மரங்களின் பின்னாலும் அது மறைந்தே கிடக்கும். துருவத்தைச் சுற்றிய முழு வட்டங்களை எதிர்பார்த்து வடக்கே கேமராவைத் திருப்பினால் வட்டங்களின் மேற்பாதிதான் கிடைக்கும். அதற்குப் பதிலாகக் கிழக்கே திருப்ப வேண்டும். அகன்ற கோண லென்ஸை வைத்து வங்கக் கடலை நோக்கி ஒரு மணி நேரம் பதிவு செய்தால், நடுவிலுள்ள விண்மீன்கள் கடலிலிருந்து ஏறக்குறைய நேராக மேலே ஏறும் கோடுகளாகின்றன. இடப்புறத்தவை வடதுருவத்தைச் சுற்றி இடப்பக்கம் வளைகின்றன. வலப்புறத்தவை தென்துருவத்தைச் சுற்றி வலப்பக்கம் வளைகின்றன. உலகம் சுழல்வதன் இரு முனைகளும் ஒரே சட்டத்துக்குள் தங்களைக் காட்டிக்கொள்ளும் இந்தப் படம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கே இவ்வளவு சமச்சீராகக் கிடைக்கும். இதை நம் கரையிலிருந்து இன்னும் நிறையப் பேர் எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கோடுகள் வேண்டாம், புள்ளிகளாகவே வேண்டும் என்றால் நேரத்தைக் குறைக்க வேண்டும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 500 என்ற எண்ணை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்து வரும் நொடிகளுக்குள் நிறுத்தினால் விண்மீன்கள் நீளாது என்பது பழைய விதி. 24 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது 20 நொடி. கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும், பிக்சல்கள் மிகுந்த இன்றைய சென்சார்களுக்கு அந்த விதி போதாது. நான் 300 ஐத்தான் வகுக்கிறேன், 12 நொடியில் நிறுத்திக்கொள்கிறேன். துருவத்துக்கு அருகிலுள்ள விண்மீன்கள் மெதுவாகவும் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஓடுவதாகக் கொள்ளும் வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ளவை வேகமாகவும் நகர்வதாலும், நம் ஊரில் அந்த நடுக்கோடு ஏறக்குறைய தலைக்குமேலேயே ஓடுவதாலும், தாராளமான விதி நமக்குக் கூடாது.

ஈடாக நமக்குப் பால்வீதி கிடைக்கிறது. தனுசு, விருச்சிக மண்டலங்களின் பக்கம் இருக்கும் அதன் நடுப்பகுதி லண்டனில் அடிவானத்துக்கு மேல் 10 டிகிரி அளவுக்குக்கூட ஏறாது. இராமேசுவரத்தில் 50 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். மாசியில் விடியலுக்கு முந்தைய சில மணி நேரம் அது தென்கிழக்கே கடலிலிருந்து எழும். அந்தத் திசையில் அருகில் ஊர் இல்லை, தெருவிளக்கு இல்லை. சித்திரை, வைகாசியில் நள்ளிரவையொட்டியே அது எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு மேகங்கள். எனவே நம் பருவம் மாசி முதல் வைகாசி வரை அமாவாசையை ஒட்டிய இரவுகள்தாம். இன்னொரு தற்செயலும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால், மற்ற மாதங்களில் தொடுவானத்தில் வரிசையாக எரியும் படகு விளக்குகள் அப்போது வெகுவாகக் குறைந்துவிடும். ஒளி மாசு குறைந்த உள்நாட்டு இடங்களுள் ஜவ்வாது மலை முக்கியமானது. காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகத்தை அமைத்தவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்ததில் இருளுக்கும் பங்குண்டு, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது.

பௌர்ணமியை இரவுப் படக்காரர்கள் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த ஒளி. முழுநிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் சுமார் நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. வெயிலில் அபெர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, நொடியில் நூறில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கிலிருந்து தொடங்கிப் பெருக்கினால், நிலவொளியில் எஃப் 4, ஐஎஸ்ஓ 400 வைத்து ஏறத்தாழ ஒரு நிமிடம் போதும் என்று வருகிறது. அப்படி எடுத்தால் மணல் மணலின் நிறத்திலும், வானம் பகல்போல நீலமாகவும் வருகின்றன. காற்றில் ஒளி சிதறும் விதம் நிலவுக்கும் சூரியனுக்கும் ஒன்றுதானே. அந்த நீலத்தில் விண்மீன்கள் மட்டும் இது பகலன்று என்று காட்டிக்கொடுக்கும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலைச் செயற்கை விளக்கின் மஞ்சளில் பார்ப்பதை விட இந்த ஒளியில் பார்க்கவே நான் விரும்புவேன். வளாகத்துக்குள் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், மாலையில் மூடியும் விடுவார்கள். வெளியே கரையிலிருந்து தொலைவில் எடுப்பதோடு நிறைவடைய வேண்டியதுதான்.

நகரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஒளி மிகுதி, கணக்கு எளிது. கத்திப்பாரா மேம்பாலத்தின் வளைவுகளை உயரத்திலிருந்து 20, 30 நொடி எடுத்தால் வெள்ளையும் சிவப்புமாக இரு ஆறுகள் கிடைக்கும். நம் சாலைகளில் அந்தக் கோடுகள் வெளிநாட்டுப் படங்களில் போல இணையாக ஓடுவதில்லை. இருசக்கர வண்டிகள் தாழ்வாக நெளிகின்றன, பேருந்துகளின் விளக்கு உயரத்தில் தனிக்கோடு இழுக்கிறது. அந்த நெளிவை அப்படியே விட்டுவிடுவதுதான் நேர்மை. எல்இடி பின்விளக்குகள் பல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால் தொடர்கோடாக இல்லாமல் புள்ளிவரிசையாகப் பதிகின்றன. நேப்பியர் பாலம் போன்று நிறம் மாறும் விளக்குகள் பொருத்திய இடங்களில் நேரத்தை நீட்டினால் எல்லா நிறமும் கலந்து வெளுத்துவிடும். ஒரு நிறம் நிற்கும் நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மேம்பாலத்தின் மேலேயே முக்காலியை நிறுத்துகிறவர்கள் கனரக வண்டி கடக்கும்போது பாலம் அதிர்வதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பழைய சோடியம் விளக்குகள் போய் எல்இடி வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. சோடியத்தின் ஆரஞ்சு நிறத்துக்கும் அந்தி வானத்தின் நீலத்துக்கும் இருந்த பொருத்தம் இந்த வெள்ளை ஒளிக்கு இல்லை. பாரீசின் இரவுகளை 1930களில் எடுத்த பிராசாய், ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தையே கடிகாரமாகக் கொண்டு ஷட்டரை மூடியதாகச் சொல்வார்கள். அவர் நம்பியது எரிவாயு விளக்குகளின் மென்மையான ஒளியையும் மழையில் நனைந்த கல்தெருக்களையும். அத்தனை மங்கிய ஒளி இன்று நம் நகரங்களில் தேடித்தான் கிடைக்கும்.

பிலிம் காலத்தவர்களுக்கு வேறொரு தொல்லையும் இருந்தது. மங்கிய ஒளியில் நேரத்தை இரட்டித்தால் பதிவு இரட்டிப்பதில்லை. பிலிமின் உணர்திறனே சோர்ந்துபோகும். கார்ல் ஸ்வார்ஸ்சைல்ட் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் விண்மீன்களைப் படமெடுத்தபோது இந்தச் சோர்வை அளந்து அதற்கு ஒரு சூத்திரம் தந்தார். டிஜிட்டல் சென்சாருக்கு அந்தச் சோர்வு இல்லை. அதற்கு வெப்பம்தான் எதிரி. ஒளியே படாவிட்டாலும் சென்சாரில் எழும் இருள் மின்னோட்டம், ஆறு முதல் எட்டு டிகிரி செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 30 டிகிரியில் நிற்கும் சித்திரை இரவில் எடுக்கும் நான்கு நிமிடப் படத்தில் தெறிக்கும் சிவப்பு, நீலப் புள்ளிகள், குளிர்நாட்டுப் பாடங்கள் எச்சரிப்பதை விடப் பல மடங்கு. கேமராவே மூடிய ஷட்டருடன் அதே அளவு நேரம் இன்னொரு படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும் வசதியை நம் ஊரில் அணைத்து வைக்கக் கூடாது, காத்திருப்பு இரட்டிப்பானாலும். குளிர்சாதன அறையிலிருந்து கடற்கரைக்கு வந்தால் லென்ஸில் நீர் பூக்கும்; அரை மணி நேரம் பையை மூடியே வைத்திருக்க வேண்டும். உப்புக் காற்றில் முன்கண்ணாடியை ஒவ்வொரு படத்துக்கும் துடைக்க வேண்டும். முக்காலியை மணலில் ஆழ அழுத்தி ஊன்றாவிட்டால், ஓர் அலை வந்து காலடி மணலை அரிக்கும்போது படம் முழுவதும் போய்விடும்.

இருட்டில் நாம் ஏற்றும் விளக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவது பால்வீதி எழும் அதே மணல்களில்தான். பொரித்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் மிகுந்த அடிவானத்தைக் கடல் என்று நம்பி நடக்கும். முன்புறத்தை வெளிச்சமாக்க நாம் அடிக்கும் டார்ச்சு அவற்றை நிலத்தின் பக்கம் இழுத்துவிடும். கூடு கட்டும் பருவத்தில் டார்ச்சு வேண்டிய படத்தைக் கரையில் எடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனைமலைக் காடுகளில் மின்மினிகள் ஒத்திசைந்து மின்னுவதை ஸ்ரீராம் முரளி எடுத்து, 2023 இல் உலகின் மிக முக்கியமான காட்டுயிர்ப் படப் போட்டியொன்றில் பரிசு பெற்ற படம் இவ்விடத்தில் எனக்கு எப்போதும் பாடமாக இருக்கிறது. 19 நொடி கொண்ட ஐம்பது பதிவுகளை ஒன்றாக இணைத்து, ஏறக்குறைய 16 நிமிட மின்னல்களை ஒரே படத்தில் அவர் சேர்த்தார். 16 நிமிடத்தையும் ஒரே பதிவாக எடுத்திருந்தால் விண்மீன்கள் 4 டிகிரி நீண்டு கோடாகியிருக்கும், வெப்பத்தின் புள்ளிகள் மின்மினிகளோடு கலந்து எது பூச்சி, எது பிழை என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும். 19 நொடிகளாக வெட்டியதால், இணைக்கும்போது வானத்தையும் காட்டையும் நிலைத்து நிற்கவிட்டு, பூச்சிகளின் ஒளியை மட்டும் குவிக்க முடிகிறது. அந்த ஒளி அவற்றின் இணைதேடலுக்கான அழைப்பு. வெளியிலிருந்து வரும் விளக்கு அதைக் குலைக்கும். ஆகவே இருளும் முன்பே கேமராவை நிறுத்தி, குவியத்தை வெளிச்சம் இருக்கும்போதே பூட்டி, பொத்தான்களை விரல்களாலேயே அறிந்து இயக்கப் பழகிக்கொள்ள வேண்டும். திரையின் வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்து, அதன்மேல் ஒரு துண்டுத் துணியையும் போட்டுவிடுவது என் வழக்கம்.